ஒரு வரிப் பதிவின் விலை 120 சென்டிமீட்டர்

போன புரட்டாசியில் ஒரு நாள் சாயங்காலம் சித்தப்பா ஏரலில் இருந்து போன் செய்தார்.

"என்னடே, ஒன் பெட்டி மறுபடி ஊமையாயிட்டு. பிளக்கப் புடுங்கி மாட்டுனேன், இப்பம் ஓடுது."

நல்ல மனசோடு செய்த காரியம்தான். ஆனால் எனக்குத் தேவையாக இருந்த ஒரே தடயம், பிளக்கைப் பிடுங்கிய அந்த நொடியில் அழிந்துபோனது. அந்தத் தடயம் என்ன, அது எங்கே இருக்கும், அதை எப்படிப் பிடித்து வைப்பது, பிடிக்கப்போய் நானே எப்படி ஒரு புதுத் தப்பைச் செய்தேன் என்பதுதான் இந்தக் குறிப்பு. லினக்ஸ் கர்னல் தெரியாதவர்களும் படிக்கலாம். தெரிந்தவர்கள் நடுவில் வரும் கணக்கை மட்டும் சரிபார்த்துச் சொல்லுங்கள்.

பெட்டி எதற்கு?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசி ஸ்ரீவைகுண்டம். அதைத் தாண்டினால் ஆறு ஏரல் வழியாகப் போய்ப் புன்னைக்காயலில் கடலில் கலக்கும். அன்றைக்குச் செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் சிக்கி நின்றது உலகத்துக்கே தெரியும். ஏரலில் எங்கள் வீட்டில் தண்ணீர் எத்தனை மணிக்கு உள்ளே வந்தது என்று இன்றுவரை யாருக்கும் சரியாகத் தெரியாது. கட்டில் கால் நனைந்த பிறகுதான் விழித்தார்கள்.

அதனால்தான் சித்தப்பாவின் வாழைத் தோட்டத்தை ஒட்டிய வாய்க்கால் மதகில் ஒரு பெட்டி வைத்தேன். உள்ளே ஒரு ராஸ்பெரி பை போர்டு, வெளியே தண்ணீரைப் பார்த்தபடி ஒரு அல்ட்ராசோனிக் சென்சார். சென்சார் வாய்க்கால் தரையிலிருந்து சரியாக 3 மீட்டர் உயரத்தில், ஓர் இரும்பு ஆங்கிளில் தொங்குகிறது. அது ஒலியை அனுப்பும். ஒலி தண்ணீரில் பட்டுத் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை வைத்துத் தூரத்தைக் கணக்கிடலாம். தண்ணீர் 200 சென்டிமீட்டரைத் தாண்டினால் சைரன் அலறும், வீட்டில் எல்லோர் போனுக்கும் செய்தி போகும். அவ்வளவுதான்.

நேரத்தை மைக்ரோ செகண்ட் கணக்கில் அளக்க வேண்டும் என்பதால் சென்சாரைப் படிக்கும் பகுதியைக் கர்னல் மாட்யூலாக எழுதினேன். கர்னலிலேயே இந்த வகை சென்சாருக்கு ஒரு டிரைவர் ஏற்கெனவே உண்டு. நான் எழுதியது கற்றுக்கொள்ளும் ஆசையில். அந்த ஆசைக்குக் கொடுத்த விலை கீழே வருகிறது.

கர்னல் எங்கே எழுதி வைக்கிறது?

சாதாரண நிரல் ஒன்று ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் 'பிரிண்ட்எஃப்' என்ற நூலகச் செயல்கூற்றைக் கூப்பிடும். கர்னலுக்கு அந்த வசதி இல்லை. நூலகங்களுக்கெல்லாம் அடியில் இருப்பதே அதுதான். அதனால் தனக்கென்று ஒன்றை வைத்துக்கொண்டது: 'பிரிண்ட்கே'. 1991இல் வந்த லினக்ஸின் முதல் பதிப்பான 0.01இலேயே இது இருந்தது.

பிரிண்ட்கே எழுதும் ஒவ்வொரு வரிக்கும் 0 முதல் 7 வரை ஒரு நிலை எண் உண்டு. 0 என்றால் எல்லாம் முடிந்தது, 2 மிக மோசம், 3 பிழை, 4 எச்சரிக்கை, 6 வெறும் தகவல், 7 பிழை தேடுபவருக்கான முணுமுணுப்பு. எண் குறையக் குறைய ஆபத்து கூடும். புதிதாக வருகிறவர்கள் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்வது வழக்கம், நானும் புரிந்துகொண்டேன்.

அந்த வரி இரண்டு இடங்களுக்குப் போகும். ஒன்று, நினைவகத்தில் இருக்கும் ஒரு வளையம். இடம் நிரம்பினால் பழைய வரியின் மேலேயே புது வரி எழுதப்படும். பல கர்னல்களில் இதன் அளவு 128 கிலோபைட்தான். 'டிமெசேஜ்' கட்டளை அடித்தால் நமக்குத் தெரிவது இந்த வளையத்தில் இருப்பது. இரண்டாவது இடம் கன்சோல்: திரையாக இருக்கலாம், சீரியல் வயராக இருக்கலாம். கன்சோலுக்கு ஒரு வாசல் எண் உண்டு. அதைவிடக் குறைந்த எண் உள்ள வரிகள் மட்டும் வெளியே போகும். வாசல் எண் 7 என்றால் 0 முதல் 6 வரை போகும். பூட் வரியில் 'கொயட்' என்று போட்டால் வாசல் 4 ஆகிவிடும்.

கவனிக்க வேண்டியது, வளையம் நினைவகத்தில் இருக்கிறது என்பது. மின்சாரம் போனால் அதுவும் போகும். வளையத்தில் உள்ளதை எடுத்து மெமரி கார்டில் சேமிக்கத் தனி நிரல் உண்டு. நானோ கார்டு சீக்கிரம் தேய்ந்துவிடும் என்று பயந்து, பதிவுகளை நினைவகத்திலேயே வைக்கும்படி அமைத்திருந்தேன். சித்தப்பா பிளக்கைப் பிடுங்கியதும் பெட்டி எதனால் நின்றது என்ற கதை மொத்தமும் போனது இதனால்தான்.

கார்டைப் பற்றிய பதிவைக் கார்டில் எழுத முடியுமா?

சரி, கார்டு தேய்ந்தால் தேயட்டும் என்று சேமிப்பை மாற்றினேன். நாலு நாள் கழித்துப் பெட்டி மறுபடி நின்றது. இந்தத் தடவை பழைய பதிவு இருந்தது. சாயங்காலம் 6 மணி சுமாருக்கு எல்லாம் நன்றாக இருக்கிறது என்று ஒரு வரி. அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. வெள்ளைத்தாள்.

இரண்டு நாள் மண்டையைக் குடைந்த பிறகுதான் உறைத்தது. கார்டே பதில் சொல்லாமல் போயிருந்தால், "கார்டு பதில் சொல்லவில்லை" என்ற வரியைக் கர்னல் எந்தக் கார்டில் எழுதும்?

இதற்குக் கர்னலில் சில வழிகள் இருக்கின்றன. 'ராமூப்ஸ்' என்று ஒன்று, நினைவகத்தின் ஒரு மூலையை ஒதுக்கி அதில் கடைசி வார்த்தைகளைப் பத்திரப்படுத்தும். ரீஸ்டார்ட் செய்தால் தப்பிக்கும்; மின்சாரத்தைப் பிடுங்கினால் தப்பிக்காது. சித்தப்பா பாணிக்கு ஒத்துவராது. 'நெட்கன்சோல்' என்று இன்னொன்று, ஒவ்வொரு வரியையும் நெட்வொர்க் வழியாக வேறு கம்ப்யூட்டருக்கு அனுப்பும். மதகில் இருப்பது மொபைல் டேட்டா, நம்ப முடியாது. மிச்சமிருப்பது பழைய, அசைக்க முடியாத வழி: சீரியல் வயர்.

ஆயுத பூஜை விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது தங்கச்சிக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த விலையில்லா மடிக்கணினியைத் தூசி தட்டி எடுத்தேன். அதில் சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இருந்தது. ஒரு யூஎஸ்பி சீரியல் வயரை மாட்டி, மினிகாமைத் திறந்து, வருவதையெல்லாம் கோப்பில் எழுதச் சொன்னேன். போர்டின் பூட் வரியில் சீரியல் கன்சோலைச் சேர்த்தேன், வேகம் 115200. கூடவே எந்த நிலை வரியாக இருந்தாலும் வெளியே கொட்டு என்று ஓர் அமைப்பையும் போட்டேன். மடிக்கணினியை மோட்டார் ரூமில் வைத்துவிட்டு வந்தேன்.

மூன்றாம் நாள் சிக்கியது. சீரியல் கோப்பின் கடைசிப் பகுதி இந்த வரிசையில் இருந்தது. முதலில், நிலை 2இல் ஒரு வரி: மின்னழுத்தம் குறைந்தது. அடுத்து கார்டு டிரைவரின் புலம்பல், பிழை எண் மைனஸ் 110. கர்னல் மொழியில் அதற்குப் பொருள் 'காத்திருந்தேன், நேரம் கடந்துவிட்டது'. அதன் பிறகு கோப்பு முறைமையின் பிழைகள் வரிசையாக. கடைசியில், கோப்பு முறைமையைப் படிக்க மட்டும் என்று மாற்றிவிட்டேன் என்ற அறிவிப்பு.

எல்லோரும் கடைசி வரியைத்தான் முதலில் தேடுவோம். அதைக் கூகுளில் போட்டால் கார்டை மாற்று, கோப்பு முறைமையைச் சரிசெய் என்று ஆயிரம் பதில் வரும். நானும் இரண்டு கார்டு வாங்கி வீணாக்கியிருப்பேன். கர்னல் பதிவைப் படிக்கும்போது கடைசி நல்ல வரியைக் கண்டுபிடித்து, அதற்கு அடுத்த வரியில் நிற்க வேண்டும். வழக்கத்துக்கு மாறான முதல் வரி எதுவோ அங்கேதான் காரணம் இருக்கும். கீழே வருவதெல்லாம் பெரும்பாலும் அதன் பின்விளைவு.

காரணம் கேவலமான ஒன்று. வீட்டில் கிடந்த பழைய செல்போன் சார்ஜரையும் நீளமான மெல்லிய வயரையும் மாட்டியிருந்தேன். சாயங்காலம் பக்கத்துத் தோட்டங்களில் மோட்டார் ஓடத் தொடங்கும் நொடியில் வோல்டேஜ் இறங்கும். இந்த போர்டு 4.63 வோல்டுக்குக் கீழே போனால் எச்சரிக்கும். நல்ல அடாப்டர், குட்டையான தடித்த வயர், கூடவே ஒரு சின்ன பேட்டரி. பெட்டி அதன்பின் ஊமையாகவில்லை. தப்பு முழுக்க என்னுடையது.

இப்போது நான் செய்த பெரிய தப்பு

பெட்டி நிற்காமல் ஓடுகிறது என்றதும் தைரியம் வந்தது. சென்சார் உயிரோடு இருக்கிறதா என்று சீரியல் வயரிலேயே பார்த்துக்கொள்ளலாமே என்று என் மாட்யூலில் ஒரு பிரிண்ட்கே சேர்த்தேன். ஒலி கிளம்பியதும் வரும் இன்டரப்டில் நேரத்தைக் குறித்துக்கொண்டு, உடனே ஒரு வரி. ஒரே ஒரு வரி. வாய்க்காலில் அப்போது 90 சென்டிமீட்டர் தண்ணீர். பெட்டியும் 90 காட்டியது. திருப்தியாகக் கிளம்பத் தயாரானேன்.

கிளம்புவதற்கு முன்னால் சைரன் வேலை செய்கிறதா என்று பார்க்க, சித்தப்பாவை ஒரு பலகையைச் சென்சாருக்குக் கீழே 80 சென்டிமீட்டரில் பிடிக்கச் சொன்னேன். அதாவது தண்ணீர் 220 வரை ஏறிவிட்டதாகப் பாவனை. சைரன் அலற வேண்டும். அலறவில்லை. பெட்டி 180 என்று காட்டியது. பலகையை 50க்கு உயர்த்தினார். 180. இன்னும் மேலே, 30க்கு. அப்போதும் 180.

"அப்பம் வெள்ளம் வந்தாலும் ஒன் பெட்டிக்கு நூத்தி எம்பதுதானா?" என்றார் சித்தப்பா. பலகை இன்னும் கையில் இருந்தது. எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

கணக்கு இதுதான். சீரியல் வேகம் நொடிக்கு 115200 பிட். ஓர் எழுத்து போக 10 பிட். என் வரி 80 எழுத்து. ஆக 800 பிட், சுமார் 7 மில்லிசெகண்ட். என் கர்னலில் பிரிண்ட்கே என்றால், கூப்பிட்டவனே கன்சோலுக்கு எழுதி முடித்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும். இன்டரப்டுக்குள் இருந்து கூப்பிட்டதால் அந்த 7 மில்லிசெகண்டும் அடுத்த இன்டரப்ட் வாசலிலேயே காத்துக்கிடக்கும். 7 மில்லிசெகண்டில் ஒலி சுமார் 240 சென்டிமீட்டர் போகும். போக வர என்று பார்த்தால் 120. ஆகவே எதிரொலி 120 சென்டிமீட்டருக்குள் இருந்து எவ்வளவு சீக்கிரம் வந்தாலும், அது வந்ததை நான் 7 மில்லிசெகண்ட் கழித்துத்தான் பார்ப்பேன். 300இல் 120 போக 180.

தண்ணீர் தாழ்ந்து இருக்கும்போது எதிரொலி எப்படியும் 7 மில்லிசெகண்டுக்குப் பிறகுதான் வரும். அதனால் அளவு சரியாக இருந்தது. தண்ணீர் உயர்ந்தால் மட்டும் பொய். எந்த நாளுக்காகப் பெட்டியை வைத்தேனோ அந்த நாளில் மட்டும் பொய் சொல்லும்படி நானே செய்து வைத்திருந்தேன். வீட்டில் வாளி வைத்துச் சோதித்தபோது இது தெரியாததற்கும் காரணம் உண்டு. அப்போது இந்த வரியும் இல்லை, சீரியல் கன்சோலும் இல்லை. பெட்டி ஏன் சாகிறது என்று பார்ப்பதற்காகப் போட்ட வயர்தான் இந்தத் தப்புக்குப் பாதி காரணம்.

தீர்வு எளிது. அந்த வரியை எடுத்துவிட்டு, பிழை தேடும்போது மட்டும் 'டிரேஸ் பிரிண்ட்கே' பயன்படுத்தினேன். அது கன்சோல் பக்கமே போகாமல் வேறொரு நினைவக வளையத்தில் எழுதும். அதனால் பல மடங்கு வேகம். ஆனால் அதை மறந்து உள்ளேயே விட்டுவிட்டால், இது சோதனைக் கர்னல், நிஜ வேலைக்கு ஆகாது என்று கட்டம் கட்டிய பெரிய அறிவிப்பு ஒன்றைக் கர்னல் பதிவில் போடும். அந்த அறிவிப்பை எழுதியவருக்கு என்னைப் போன்ற ஆட்களைத் தெரிந்திருக்க வேண்டும்.

உலகம் முழுக்க இதே தலைவலிதான்

என் மதகில் நடந்தது பெரிய அளவில் கர்னல் ஆட்களுக்கும் நடந்தது. பிரிண்ட்கேயிடம் இரண்டு எதிர்பார்ப்புகள், இரண்டும் ஒன்றோடொன்று மோதும். கர்னல் எந்த நொடியில் சாகும் என்று தெரியாது. ஆகவே வரியை உடனே வெளியே தள்ளு. ஆனால் தள்ளும் நேரத்தில் மற்ற வேலைகள் நிற்கும்; ஆகவே உடனே தள்ளாதே.

ரியல் டைம் லினக்ஸ், அதாவது குறித்த நேரத்தில் பதில் சொல்லியே தீர வேண்டிய இயந்திரங்களுக்கான கர்னல், பல வருடம் முக்கியக் கர்னலுக்கு வெளியே தனியாகவே வளர்ந்தது. அது உள்ளே வரக் கடைசியில் தடையாக நின்ற பெரிய விஷயங்களில் ஒன்று பிரிண்ட்கே. ஜான் ஆக்னெஸ் எழுதிய, பூட்டு இல்லாத புது வளையம் 2020 டிசம்பரில் 5.10 பதிப்பில் வந்தது. கன்சோலுக்கு எழுதும் வேலையைத் தனி திரெட்டிடம் கொடுத்து, ஆபத்து நேரத்தில் மட்டும் நேரடியாக எழுதும் முறை அதன்பின் படிப்படியாக வந்தது. 2024 நவம்பரில் 6.12 வெளியானபோதுதான் ரியல் டைம் முழுமையாக உள்ளே வந்தது. ஒரு வரி அச்சிடுவதைச் சரிசெய்ய இவ்வளவு காலம்.

வரி எழுதினால் போதாது, பொருளும் எழுத வேண்டும்

நடுவில் இன்னொன்று நடந்தது. வோல்டேஜ் எச்சரிக்கை வந்தால் என் போனுக்குச் செய்தி வரும்படி ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போட்டிருந்தேன். பதிவில் 'அண்டர்-வோல்டேஜ்' என்ற ஆங்கிலச் சொல்லை அது தேடும். கர்னலைப் புதுப்பித்த பிறகு செய்தி வருவது நின்றது. வோல்டேஜ் சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தேன். பார்த்தால், புதுக் கர்னலில் அந்தச் சொல்லின் நடுவில் இருந்த சிறு கோடு இல்லை.

கர்னலைக் குறை சொல்ல முடியாது. பதிவு வரிகள் மனிதர் படிப்பதற்கு. அவை மாறாது என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. ஆனால் உலகத்தில் பாதிப் பேர் அந்த வரிகளை நம்பித்தான் கண்காணிப்பு வைத்திருக்கிறோம். இதற்காகவே 2021இல் 5.15 பதிப்பில் 'பிரிண்ட்கே இன்டெக்ஸ்' என்ற வசதி வந்தது. கர்னலில் இருக்கும் எல்லா வரிகளின் அச்சையும், நிலை எண், கோப்பு, வரி எண்ணோடு பட்டியலாகக் கொடுக்கும். புதுக் கர்னலுக்கு மாறும் முன் இரண்டு பட்டியல்களையும் ஒப்பிட்டால், நாம் தேடும் வரி இன்னும் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். இப்போது அதைச் செய்யாமல் நான் மேம்படுத்துவதில்லை.

என் மாட்யூலின் வரிகளையும் திருத்தினேன். முன்பு 'எதிரொலிப் பிழை' என்று மட்டும் இருந்தது. எந்த சென்சார், என்ன பிழை, அதற்கு நிரல் என்ன செய்தது, ஒன்றும் தெரியாது. இப்போது: 'மதகு சென்சார்: 38 மில்லிசெகண்டில் எதிரொலி வரவில்லை, இந்த அளவை ஒதுக்கிவிட்டேன்', நிலை 4. எண்ணுக்கு அலகு கட்டாயம். கூடவே, நிமிடத்துக்கு ஆயிரம் தடவை கத்தாமல் இருக்க எண்ணிக்கைக் கட்டுப்பாடும் போட்டேன். கர்னலின் வழக்கமான கட்டுப்பாடு 5 நொடிக்கு 10 வரி. மீதியை விழுங்கிவிட்டு, இத்தனை விழுங்கினேன் என்று ஒரு வரி சொல்லும். அந்த வரியைப் பார்த்தால் அலட்சியம் செய்யாதீர்கள். விழுங்கியதில்தான் சில நேரம் விஷயம் இருக்கும்.

கடைசியாக, சித்தப்பாவுக்காக ஒரு தாள். மூன்று கட்டம்: பெட்டி என்ன சொல்லும், அதற்கு என்ன அர்த்தம், நீங்கள் என்ன செய்ய வேண்டும். மொத்தம் ஏழு வரிகள்தான். முதல் வரி, 'பெட்டி ஊமையானால்: பிளக்கைப் பிடுங்க வேண்டாம், மடிக்கணினித் திரையைப் போட்டோ எடுத்து அனுப்பவும்.' ஏழாவது வரி, 'மாதம் ஒரு தடவை பலகையை 80 சென்டிமீட்டரில் பிடிக்கவும். சைரன் அலறாவிட்டால் மற்ற எதையும் நம்ப வேண்டாம்.'

தாளை மோட்டார் ரூம் சுவரில் எங்கே ஒட்டுவது என்று கேட்டேன். சித்தப்பா சுவரில் ஓர் இடத்தைக் காட்டினார். 2023 வெள்ளம் வடிந்த பிறகு அங்கே அவர் கரிக்கட்டையால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதி வைத்திருந்தார். என் நெஞ்சுக்கு மேலே இருந்தது கோடு.

"அதுக்கு மேல ஒட்டு" என்றார். "கீழ ஒட்டுனா அடுத்த தடவ நனைஞ்சிரும்."